கோணம் பிடிக்கும் கருவி இருந்தும் கத்தி மறுநாளே மழுங்குவது ஏன்?

தக்கலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கிளாம்பும் ராடும் நாலு கல்லும் சேர்ந்த கத்தி தீட்டும் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினாராம். கிளாம்ப் கத்தியைப் பிடித்துக்கொள்ளும், கல் மாட்டிய ராடு ஒரு தூணில் சுழன்று கத்தியின் மேல் ஓடும். கற்களில் 120, 320, 600, 1500 என்று போட்டிருக்கிறது (எண் கூடக் கூடக் கல் நைசு). வீடியோ பார்த்து, தூணில் 20 டிகிரி என்று குறித்திருக்கும் இடத்தில் ராடை வைத்து, ஸ்டெயின்லெஸ் காய்கறிக் கத்தியைத் தீட்டினார். அன்றைக்குப் பேப்பரைச் சர்ரென்று வெட்டியது. மறுநாள் தக்காளித் தொலியில் வழுக்குகிறது. நுனிப்பக்கம் இன்னும் மோசம். கல் மட்டமா, கத்தி மட்டமா, பேசாமல் மார்த்தாண்டத்தில் சாணை பிடிக்கிறவரிடமே கொடுத்துவிடலாமா, மீன் வெட்டும் கொல்லப்பட்டறைப் பிச்சாத்தியையும் இதே கிளாம்பில் மாட்டலாமா என்று கேட்கிறார். நாலு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கோணத்தைக் கருவியே பிடித்துக்கொள்கிறது, அப்படியிருந்தும் நான் எதைச் செய்யாமல் விட்டேன்?

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, டூல் ரூமில் லேத் டூலும் டிரில் பிட்டும் தீட்டியே பிழைத்தவன். இப்போது நாகர்கோவிலில் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் தெரிந்த வீடுகளுக்கும் கத்தி தீட்டிக் கொடுக்கிறேன். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் இரண்டு பக்கமும் சரிவு உள்ள சாதாரண அடுக்களைக் கத்திக்கு. ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஜப்பான் மீன் கத்தியும், பல் வைத்த பிரெட் கத்தியும் என் கைக்கு வருவதில்லை. அவற்றைப் பற்றி இதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். உங்கள் கத்தியை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துத்தான் பேசுகிறேன்.

அந்த அடையாளங்களில் முக்கியமானது, தீட்டிய அன்று பேப்பரை வெட்டியது என்பது. இரண்டு பக்கச் சரிவும் நடுவில் வந்து சந்திக்கவே இல்லை என்றால் கத்தி பேப்பரையும் வெட்டியிருக்காது, மடக்கித் தள்ளியிருக்கும். வெட்டியது, ஆனால் நிற்கவில்லை என்றால் சந்தேகம் பிசிறின் மேல்தான் போகும்.

பிசிறு என்றால் என்ன? கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, வாயின் ஓரத்து இரும்பு மெலிந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் கல்லின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் அந்த மெல்லிய ஓரம் மறுபக்கமாக மடங்கி, ஒரு நூல்போல ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து வாயைத் தாண்டி வெளியே போகும்படி கட்டைவிரலை மெதுவாக இழுத்தால் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் விரல் ரேகையைப் பிடித்துச் சொரசொரக்கும். விரலை வாய் நெடுக ஓட்டக் கூடாது, குறுக்கே மட்டும்தான். விரல் வைக்கப் பயமாக இருந்தால் ஒரு துண்டுப் பஞ்சை அதே திசையில் இழுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் நார் சிக்கும்.

இந்தப் பிசிறு சில சமயம் நேராக நிமிர்ந்து நிற்கும். அப்போது கத்தி ஷேவிங் பிளேடு மாதிரி வெட்டும், பேப்பர் என்ன, கைமுடியே போகும். தீட்டினவருக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அது வாய் இல்லை, வாயில் தொங்கும் தகடு. பலகையில் பத்து வெங்காயம் நறுக்குவதற்குள் மடங்கிவிடும் அல்லது பிய்ந்து போய் கீழே ஒரு மொண்ணை விளிம்பை விட்டுவிடும். மறுநாள் தக்காளித் தொலியில் வழுக்குவது அந்த மொண்ணைதான். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் கத்திகளில் இது இன்னும் அதிகம். அந்த இரும்பு மென்மையானது, வளைந்து கொடுக்கும். பிசிறு ஒடிந்து விழாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டே இருக்கும். ஜப்பான் வகைக் கத்திகள் ராக்வெல் சி அளவில் (இரும்பின் கடினத்தைச் சொல்லும் எண், கூடினால் கடினம்) 60-ஐ ஒட்டி இருப்பதால் அவற்றில் பிசிறு சின்னது, சீக்கிரம் உதிரும். ஜெர்மன் பாணிக் கத்திகள் 55 முதல் 58 வரை. நம் கடைக் கத்தியின் உறையில் பெரும்பாலும் எந்த எண்ணும் போட்டிருப்பதில்லை. கல்லில் வைத்தால் அதன் குணம் தானாகத் தெரியும்.

பிசிறு வர வேண்டும், அதை மறக்க வேண்டாம். பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கத்துச் சரிவு வாயின் கடைசி ஓரம் வரை போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். வந்த பிசிறை எடுக்காமல் விடுவதுதான் தப்பு. உங்கள் கருவி இந்த இரண்டில் எதையும் உங்களுக்காகச் செய்யாது. வீடியோக்காரர்கள் ஒவ்வொரு கல்லிலும் இத்தனை தேய்ப்பு என்று எண்ணிக்கை சொல்வார்கள். அந்த எண்ணிக்கை அவர்கள் கத்திக்குச் சரி. உங்கள் கத்தி எவ்வளவு மழுங்கியிருக்கிறதோ அதற்கேற்ப அது மாறும். எண்ணாமல் தடவிப் பாருங்கள்.

செய்முறைக்கு வருவோம். ஒரு கறுப்பு பெர்மனென்ட் மார்க்கரால் இரண்டு பக்கச் சரிவிலும் மை பூசுங்கள். 600 கல்லை மாட்டி, அழுத்தாமல் இரண்டே இழுப்பு இழுத்துவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே பாருங்கள். மை வாய் ஓரம் வரை முழுக்க அழிந்திருந்தால் கோணம் பொருந்துகிறது. மேலே தோள்பட்டையில், அதாவது சரிவு தொடங்கும் இடத்தில் மட்டும் அழிந்து, வாயில் கறுப்பு மிச்சமிருந்தால் கோணம் தாழ்வு. கல் வாயைத் தொடவே இல்லை. வாயில் ஒரு மயிரிழை அளவுக்கு மட்டும் அழிந்து, மேலே கறுப்பு அப்படியே இருந்தால் கோணம் உயரம். இந்தச் சோதனை ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் இன்றைக்கும் புதிதாக ஒரு கத்தி வந்தால் முதலில் மார்க்கரைத்தான் தேடுவேன்.

பிறகு 320 கல். 120-ஐ எடுத்து ஓரமாக வையுங்கள். அது வாய் உடைந்த கத்திக்கும் நுனி போன கத்திக்கும்தான். நல்ல கத்தியில் 120 போட்டால் அது இழுக்கும் கோடுகளை அழிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். 320-ஐ ஒரு பக்கத்தில் மட்டும், அடியிலிருந்து நுனி வரை பிசிறு தொடர்ச்சியாக வரும்வரை ஓட்டுங்கள். நடுவில் வந்து நுனியில் வரவில்லையா? நுனியில் இன்னும் வேலை பாக்கி. முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் பக்கத்தைத் திருப்ப வேண்டும். மறுபக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் முடிந்ததும், அதே 320-லேயே அழுத்தத்தைக் குறைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சில இழுப்புகள். பிசிறு பாதியாகக் குறைந்திருக்கும். அப்புறம் 600, அதே முறை. கடைசிக் கல்லில் கையின் பாரமே இருக்கக் கூடாது, கல்லும் ராடும் தங்கள் சொந்த எடையில் ஓடினால் போதும். அந்தக் கடைசி இழுப்புகள் வாய்க்கு எதிராக, அதாவது வாயிலிருந்து முதுகை நோக்கி இருக்கட்டும். முதுகிலிருந்து வாயை நோக்கி இழுத்து முடித்தால் இருக்கிற பிசிறு இன்னும் நீளும்.

மென்மையான ஸ்டெயின்லெஸில் இவ்வளவு செய்தும் பிசிறு போகாமல் அடம் பிடிக்கும். அதற்கு ஒரு வழி: ராடின் கோணத்தை 2 டிகிரி உயர்த்தி, ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு மெல்லிய இழுப்பு. கல் இப்போது பிசிறின் வேரிலேயே படும், அறுத்துவிடும். வாயில் ஒரு சின்ன இரண்டாம் சரிவு விழும். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, வாய் கொஞ்சம் உறுதியாகத்தான் ஆகும். அதன் பிறகு தோல் வார். பழைய தோல் பெல்ட்டை ஒரு நேரான மரத்துண்டில் ஒட்டி, ஸ்டீல் பாத்திரம் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் பச்சைக் கட்டியை அதில் தேயுங்கள். அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு. கத்தியை கிளாம்பிலிருந்து கழற்றி, முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். வாய் முன்னே போனால் தோலைச் செதுக்கிவிடும். தோல் கிடைக்கவில்லை என்றால் பழைய ஜீன்ஸ் துணியை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், அட்டைப்பெட்டியின் அட்டையும் ஓரளவு உதவும்.

முடிந்ததா என்று பார்க்கப் பேப்பரை நம்ப வேண்டாம், அது உங்களை ஒருமுறை ஏமாற்றிவிட்டது. கத்தியை வாய் மேலே பார்க்கப் பிடித்து, விளக்குக்கு நேரே லேசாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. நல்ல வாயின் தடிமன் 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே, அதில் வெளிச்சம் படிய இடம் கிடையாது. எங்காவது வெள்ளையாக ஒரு புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே மொண்ணை அல்லது பிசிறு. அடுத்து, ஒரு விறகுத்துண்டிலோ மரப்பலகை ஓரத்திலோ கத்தியை நாலைந்து தடவை லேசாகக் கொத்திவிட்டு மறுபடி தக்காளியில் வையுங்கள். பிசிறு இருந்திருந்தால் இதிலேயே மடங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். அப்படியும் தொலியில் சொந்த எடையிலேயே இறங்கினால் அந்த வாய் நிற்கும்.

இனி உங்கள் கருவி சொல்லும் 20 டிகிரிக்கு வருகிறேன். தூணில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அந்த எண், கத்தியின் வாய் தூணிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருந்தால் மட்டும் சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாய் தூணிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும்போது 20 டிகிரி வர, ராடு சுழலும் மூட்டு கத்தி மட்டத்திலிருந்து சுமார் 5.5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதே உயரத்தில் அகலமான கத்தியை மாட்டி வாய் 18 செ.மீ.க்குப் போய்விட்டால் கோணம் 17 டிகிரிக்கு இறங்கிவிடும். சின்னக் கத்தி, வாய் 12 செ.மீ.யில் நின்றால் 24-ஐத் தாண்டும். தூணில் குறி மாறவே இல்லை, கோணம் ஏழு டிகிரி ஆடிவிட்டது. டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. முதலில் கத்தியின் பக்கத்தில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கல்லை வாயில் படுக்கவைத்து அதன் முதுகில் வைத்தால் உண்மையான கோணம் தெரியும். செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பும் கல்லின் மேல் நிற்க இடம் இருந்தால் ஓரளவுக்குப் போதும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று, கல்லின் தடிமன். உங்கள் செட்டில் நாலு கல்லும் ஒரே தடிமனா என்று அளந்து பாருங்கள். 600-ஐவிட 1500 கல் 3 மி.மீ. தடிப்பாக இருந்தால், ராடு அந்த அளவுக்கு மேலே தூக்கப்பட்டு, கோணம் ஏறக்குறைய 1 டிகிரி தாழ்ந்துவிடும். 1 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த 1 டிகிரியில் நைசான கல் வாயைத் தொடாமல் தோள்பட்டையை மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். பளபளவென்று சரிவு, ஓரத்தில் 600 விட்டுப்போன பிசிறு அப்படியே. மறுநாளே மழுங்கும் கத்திகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு கல் மாற்றும்போதும் மார்க்கர் பூசிப் பார்ப்பது இதற்குத்தான்.

நுனிப்பக்கம் மோசமாக இருப்பதற்குக் காரணம் வேறு. ராடு தூணில் ஒரு புள்ளியில் சுழல்கிறது. வாய் நேராக இருக்கும் வரைக்கும் சரிவின் கோணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தூரம் போகப் போகக் கோணம் மாறும் என்று பலர் சொல்வது நேரான வாய்க்குப் பொருந்தாது. அந்தப் புள்ளியும் வாயின் நேர்கோடும் சேர்ந்து ஒரே தளம், அந்தத் தளம் மாறுவதில்லை. ஆனால் வாய் வளையத் தொடங்கும் நுனியில் அந்தக் கணக்கு உடைந்துவிடும், கோணம் ஏறவோ இறங்கவோ செய்யும். கத்தியை எந்த இடத்தில் கிளாம்ப் பிடிக்கிறது என்பதை மாற்றினால் இதைச் சரிக்கட்டலாம். மார்க்கர் பூசி, கிளாம்பை ஒரு செ.மீ. நுனிப்பக்கம் நகர்த்தி, மறுபடி பார்த்து, நடுவிலும் நுனியிலும் மை ஒரே மாதிரி அழியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் கத்தியின் முதுகில் ஒரு டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள், அடுத்த தடவை இந்தப் பாடு வேண்டாம். நுனியில் கல்லின் பாதிக்கு மேல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் கல் சரிந்து நுனியை உருட்டிவிடும். 20 செ.மீ.க்கு மேல் நீளமான கத்தி என்றால் இரண்டு இடத்தில் மாற்றிப் பிடித்துத்தான் தீட்ட வேண்டும். மெல்லிய கத்தி என்றால் கிளாம்பிலிருந்து தள்ளி இருக்கும் பாகம் கல்லின் அழுத்தத்தில் கீழே வளையும், அங்கேயும் கோணம் போய்விடும். அழுத்தாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை டிகிரி வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நிச்சயமாகச் சொல்லக்கூடியது: கோணம் குறையக் குறைய வெட்டு லேசாகும், வாய் பலவீனமாகும், மென்மையான இரும்பு குறைந்த கோணத்தைத் தாங்காது. உங்கள் கடைக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 சரி. நல்ல ஜெர்மன் கத்தி 15 முதல் 17 வரை தாங்கும். 17-க்கும் 19-க்கும் வித்தியாசம் சமையலில் தெரியுமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து சமையல்காரர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை. அதைவிட, ஒவ்வொரு தடவையும் அதே கோணத்துக்குத் திரும்பி வருவதுதான் முக்கியம். கோணத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் புதுச் சரிவு வெட்ட வேண்டும், கத்தி தேய்ந்து போகும்.

எவ்வளவு நைசாக முடிப்பது என்பதும் விவாதத்துக்குரியதுதான். கண்ணாடி மாதிரி மினுக்கினால்தான் கூர் என்று ஒரு கட்சி. சற்றுச் சொரசொரப்பாக விட்டால்தான் பிடிக்கும் என்று இன்னொரு கட்சி. மென்மையான ஸ்டெயின்லெஸுக்கு நான் இரண்டாவது கட்சி. தக்காளித் தொலி, குடைமிளகாய், மீன்தோல் எல்லாவற்றிலும் 600-ல் முடித்துத் தோலில் நாலு இழுப்பு இழுத்த வாய், 1500-ல் மினுக்கிய வாயைவிட நன்றாகக் கவ்வுகிறது. கடினமான இரும்பில் இது மாறலாம். நீங்களே பாதி வாயை 600-லும் பாதியை 1500-லும் முடித்து, ஒரு வாரம் சமைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கல் மட்டமா என்றால், மட்டமாக இருந்தாலும் உங்கள் பிரச்சினைக்கு அது காரணம் இல்லை. செட்டோடு வரும் கற்களில் போட்டிருக்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டுக்கு நாடு அளவு முறை வேறு. ஜப்பான் முறையில் 1000 என்று போடும் கல்லும் அமெரிக்க முறையில் 600 என்று போடும் கல்லும் கிட்டத்தட்ட ஒரே ரகம். ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேட்டால் கொடுப்பது சிலிக்கான் கார்பைடு; அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் 1891-இல் செயற்கை வைரம் செய்யப் போய் கிடைத்த பொருள். வெள்ளை, பழுப்புக் கற்கள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. இரண்டும் கத்தி இரும்பைவிட மிகக் கடினம், ஆகவே எந்தக் கல்லும் தேய்க்கத்தான் செய்யும். (நம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் பிரித்தெடுக்கும் கார்னெட்டும் உரசுபொருள்தான், நீர்ப்பாய்ச்சி வெட்டும் இயந்திரங்களுக்குப் போகிறது.) மலிவுக் கல்லின் குறை, அது சீக்கிரம் நடுவில் குழிந்துவிடும். குழிந்த கல் நேரான சரிவைத் தராது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 220 வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் முழுக்க அழியும்வரை தேய்த்தால் கல் மறுபடி மட்டமாகும்.

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெயை ஊற்றும் பழக்கம் உண்டு. கல்லில் ஊற்றாதீர்கள். அது 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறையும், நாள்பட்டால் சிக்குப் பிடித்து கல்லின் கண்களை அடைக்கும், அப்புறம் அந்தக் கல்லில் தண்ணீரும் ஏறாது. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். கறுப்புச் சேறு கிளம்பினால் கல் வெட்டுகிறது என்று பொருள்.

கத்தி மட்டமா? மென்மையான கத்தி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: எதன் மேல் வைத்து வெட்டுகிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை. கிரானைட் மேடையில், ஸ்டீல் தட்டில், கண்ணாடிப் பலகையில் வெட்டினால் எந்த ஊர்க் கத்தியும் ஒரு நாள்தான். 1 மைக்ரான் வாயைக் கருங்கல்லில் மோதினால் என்ன ஆகும்? கறிக்கடையில் புளியமரக் கட்டை போட்டிருப்பது சும்மா இல்லை. உங்கள் வீட்டில் மேடையில் வைத்தே வெட்டுகிற வழக்கம் இருந்தால், பிசிறோடு சேர்த்து இதையும் குற்றவாளிப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். மரச்சீனிக் கிழங்கில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவாமல் வெட்டுவதும் அதே கணக்குத்தான். மணலில் இருப்பது குவார்ட்ஸ், அது கத்தி வாயைத் தின்றுவிடும்.

சாணை பிடிக்கிறவரிடம் கொடுப்பதைப் பற்றி. அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பலாச்சக்கை வெட்டி, தேங்காய் பொதித்து வாய் உடைந்து போன வெட்டுக்கத்திக்கு அவர்தான் ஆள். உங்கள் கிளாம்பில் அதை ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாலும் தீராது. ஆனால் வேகமாகச் சுற்றும் உலர்ந்த எமரி வீலில் மெல்லிய காய்கறிக் கத்தியை வைக்கும்போது வாய் சூடேறும். கத்திகளைக் கடினமாக்கிய பிறகு பொதுவாக 150 முதல் 220 டிகிரி வரையிலான சூட்டில் பதம் வைப்பார்கள். அதைத் தாண்டினால் பதம் இறங்கும், இரும்பு மென்மையாகிவிடும். கார்பன் ஸ்டீல் 230 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சளாகும், 300-ஐ ஒட்டி நீலமாகும். வாயில் நீலம் கண்டால் அந்த இடம் வரை தேய்த்து எடுக்காமல் கூர் நிற்காது, இதில் சந்தேகமே இல்லை. நிறம் மாறாமலேயே வாயின் கடைசி ஓரம் கெட்டுப் போகுமா என்பதில்தான் தீட்டுகிறவர்களுக்குள் சண்டை. ஓரம் அவ்வளவு மெல்லிசு, சூடு தங்க இடமில்லை, கெடும் என்பது ஒரு பக்கம். அப்படிக் கெட்டாலும் கல்லில் இரண்டு தடவை தீட்டினால் போய்விடும் என்பது மறுபக்கம். நான் நடுவில் நிற்கிறேன். அவரிடம் கொடுத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் 600-ல் பிசிறை எடுங்கள். வீல் விடும் பிசிறு கல் விடுவதைவிடப் பெரியது.

பிச்சாத்தியை மட்டும் கிளாம்பில் மாட்ட வேண்டாம். கொல்லப்பட்டறையில் அடித்த கத்தியின் பக்கங்கள் சமமாக இருக்காது. கிளாம்ப் பிடிக்கும்போது கத்தி சாய்ந்து நிற்கும், ஒரு பக்கம் 18, மறுபக்கம் 25 என்று போகும். அதன் வயிறும் வளைவு. குளச்சலில் மீன் வெட்டிக் கொடுக்கிற அக்காமாரைக் கவனித்திருப்பீர்கள்: பக்கத்தில் ஒரு கல் கிடக்கும், நாலு நெய்மீன் வெட்டினால் இரண்டு தடவை அதில் தேய்த்துவிட்டு அடுத்த மீனை எடுப்பார்கள். மழுங்கவே விடுவதில்லை, ஆகவே பெரிதாகத் தீட்ட வேண்டிய தேவையும் வருவதில்லை. பிச்சாத்திக்கு அந்த வழிதான். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல் ஒன்றை வாங்கி, ஈரத்துணியின் மேல் வைத்து, கையாலேயே தீட்டுங்கள். அரிவாள்மணைக்கும் அதுவே. அங்கே கத்தி நகராது, சின்னக் கல்லைக் கையில் பிடித்து வாயில் ஓட்ட வேண்டியதுதான். மணையை அசையாமல் மிதித்துக்கொண்டு, கல்லைப் பிடித்த விரல்கள் வாயின் மட்டத்துக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிச்சாத்தியில் இன்னொரு பாடு துரு. நம் கடற்கரைக் காற்றில் உப்பு. கார்பன் ஸ்டீலை ஈரத்தோடு ராத்திரி விட்டால் காலையில் வாய் சிவந்திருக்கும். துரு முதலில் தின்பது மெல்லிய வாயைத்தான், ஆகவே வெட்டாமலேயே கத்தி மழுங்கும். புளியோ எலுமிச்சையோ பட்டால் உடனே கழுவித் துடைத்து, சுத்தமான தேங்காய் எண்ணெயை விரலால் லேசாகத் தடவி வையுங்கள். கல்லுக்கு ஆகாத எண்ணெய் கத்திக்கு நல்லது. ஸ்டெயின்லெஸும் துருவே பிடிக்காதது இல்லை. கருவாடு வெட்டிவிட்டு உப்போடு போட்டுவைத்தால் சின்னச் சின்னக் குழியாக விழும்.

செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடிய ஒன்றை வாங்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். கிளாம்பின் திருகு இளகாமலும், ராடின் மூட்டு ஆடாமலும் இருந்தால் வேண்டாம். கிளாம்பின் தாடையில் மெல்லிய தோலோ மாஸ்கிங் டேப்போ ஒட்டினால் கத்தி நழுவுவது நிற்கும், கீறலும் விழாது. காசு செலவழிக்க ஆசையாக இருந்தால், அந்த ராடில் பொருந்துகிற ஒரு டைமண்ட் பிளேட் 400 வாக்கில் வாங்கிப் போடுங்கள். அது குழியாது, தடிமன் மாறாது, கொஞ்சம் தண்ணீரில் வேலை முடியும். புதிதில் சற்று முரட்டுத்தனமாக வெட்டும், இரண்டு மூன்று கத்தி தீட்டியதும் அடங்கிவிடும். முதல் கத்தியாக வீட்டிலேயே மலிவானதை வையுங்கள்.